மறுவாழ்வு மையத்தில் வேலை செய்பவர்களுக்கு என்ன பயிற்சி வேண்டும்?



இந்த மாதப் பாடத்தில் கடன், சேமிப்பு, கணக்கு எழுதுவது எதுவும் இல்லை. குடிநோயாளிகளைத் தங்கவைத்துச் சிகிச்சை தரும் மையங்களைப் பற்றியும், அங்கே வேலை செய்கிறவர்கள் என்ன கற்றிருக்க வேண்டும் என்பதைப் பற்றியும் பேசப் போகிறோம். "அது அவங்க பாடு, நமக்கு எதுக்குங்க?" என்று சிலர் கேட்கலாம். நமக்குத்தான் வேண்டும். நம்ம கூட்டமைப்பில் எத்தனையோ பேர் கணவரையோ மகனையோ தம்பியையோ இப்படி ஒரு மையத்தில் சேர்த்திருக்கிறார்கள். அதற்காகவே குழுவில் உள்கடன் வாங்கியவர்களும் உண்டு. சேர்க்கும்போது மாதம் எவ்வளவு, சாப்பாடு எப்படி, எத்தனை நாளில் அனுப்புவார்கள் என்று கேட்கிறோம். அவரை அங்கே பார்த்துக்கொள்ளப் போகிறவர் யார், அவருக்கு இந்த வேலையை யார் சொல்லிக் கொடுத்தார்கள் என்று கேட்பதில்லை. ஒருங்கிணைப்பாளர்களாகிய நாங்களும் ரொம்ப நாள் கேட்டதில்லை.

எங்களைக் கேட்க வைத்தது ஒரு குழுக் கூட்டம். பெயர் வேண்டாம். உறுப்பினர் ஒருவர் கணவரை மையத்தில் சேர்க்க இருபதாயிரம் ரூபாய் உள்கடன் வாங்கினார். தீர்மான நோட்டில் 'மருத்துவச் செலவு' என்று எழுதியிருந்தது. ஒன்றரை மாதம் கழித்துக் கணவர் வீடு திரும்பினார். தலை மொட்டை. பழனிக்கு வேண்டுதலா என்று பக்கத்து வீட்டில் விசாரித்தார்களாம். வேண்டுதலும் இல்லை, ஒன்றும் இல்லை. சுவர் ஏறிப் போகப் பார்த்ததற்கு அங்கே கொடுத்த தண்டனை. வந்தவர் மூன்று நாள் யாரோடும் பேசவில்லை. நான்காம் நாள் சாயங்காலம் கடைக்குப் போய்விட்டார். "இருபதாயிரம் குடுத்து அவரை அவமானப்படுத்திக் கூட்டிட்டு வந்திருக்கேன் மேடம். வட்டி வேற கட்டணும்" என்று அந்த அக்கா சொன்னபோது கூட்டத்தில் ஒருத்தரும் வாய் திறக்கவில்லை.

அந்த மையத்துக்கு நாங்கள் இரண்டு பேர் போனோம். சண்டை போடுகிற வேகத்தில்தான் போனோம். உள்ளே பொறுப்பில் இருந்தவருக்கு இருபத்து நாலு வயது இருக்கும். எட்டு மாதத்துக்கு முன்னால் அவரும் அதே மையத்தில் நோயாளியாக இருந்தவர். சிகிச்சை முடிந்த அடுத்த வாரமே அவர் கையில் சாவிக்கொத்தைக் கொடுத்துவிட்டார்கள். நாங்கள் கேட்டதற்கெல்லாம் தலையைக் குனிந்துகொண்டே இருந்தவர் கடைசியில் சொன்னார்: "எங்கள எப்படித் திருத்தினாங்களோ அப்படித்தான் மேடம் நாங்களும் திருத்துறோம். வேற எப்படின்னு யாரும் சொல்லித் தரலையே."

அதற்குப் பிறகு எங்களால் சண்டை போட முடியவில்லை. அவரும் ஒரு தாய் பெற்ற பிள்ளைதான். தான் வாங்கிய அடியை அடுத்தவருக்குக் கொடுப்பதுதான் வைத்தியம் என்று நம்பிக்கொண்டிருக்கிறார். அவர் சொன்ன அந்த ஒரு வார்த்தைதான் இந்தப் பாடம்.

குழுவே மருந்து

மறுவாழ்வு மையங்கள் பலவும் பின்பற்றுவதாகச் சொல்லும் முறைக்குத் 'தெரபியூடிக் கம்யூனிட்டி' என்று பெயர். தமிழில் சிகிச்சைச் சமுதாயம் என்று சொல்லலாம். பெயரைப் பார்த்து மலைக்க வேண்டாம். நம்ம குழுவை நினைத்துக்கொண்டாலே பாதி புரிந்துவிடும். தனியாக ஒருத்தியால் வங்கிப் படி ஏற முடியவில்லை, பதினைந்து இருபது பேர் சேர்ந்ததும் ஏறினோம். அதில் வங்கி மேனேஜர் செய்தது கொஞ்சம், நாங்கள் செய்தது அதைவிடக் கொஞ்சம். வாரா வாரம் வட்டமாக உட்கார்ந்தது, ஒருத்தி தவணை கட்டாவிட்டால் மற்றவர்கள் ஏன் என்று கேட்டது, போன வருடம் ஊக்குநராக இருந்தவர் இந்த வருடம் பாயில் ஓரமாக உட்கார்ந்து கணக்குக் கேட்டது, இதெல்லாம்தான் நம்மை மாற்றியது.

சிகிச்சைச் சமுதாயத்திலும் அப்படித்தான். சேர்ந்து வாழ்கிற அந்தக் கூட்டம்தான் அங்கே முக்கியமான மருந்து. காலையில் எல்லாரும் கூடுகிற கூட்டம் உண்டு. புதிதாக வந்தவர் கூட்டிப் பெருக்குவதில், பாத்திரம் கழுவுவதில் தொடங்குவார். பொறுப்பாக நடந்துகொண்டால் சமையல்கட்டுக்கு, பிறகு ஒரு பிரிவின் பொறுப்புக்கு என்று படிப்படியாக உயர்வார். முன்னால் வந்தவர் ஒருவர் அவருக்கு அண்ணன் மாதிரி கூடவே இருந்து பழக்கிவிடுவார். போதைப் பொருள் கூடாது, அடிதடியோ மிரட்டலோ கூடாது, பாலியல் உறவு கூடாது. இந்த மூன்றையும் மீறினால் வெளியேற்றக்கூட இடம் உண்டு. முதலில் பழகுகிற காலம், நடுவில் உழைத்து மாறுகிற காலம், கடைசியில் வீட்டுக்கும் வேலைக்கும் திரும்பத் தயாராகிற காலம் என்று மூன்று கட்டமாக இது நடக்கும்.

எல்லாம் அவர்களே செய்துகொள்வார்கள் என்றால் ஊழியர் எதற்கு? பால் எவ்வளவு நல்ல பாலாக இருந்தாலும் உறை மோர் கெட்டிருந்தால் தயிர் நாறிவிடும் இல்லையா? அங்கே உறை மோர் ஊழியர்தான்.

உறை கெட்ட கதை

இதற்கு ஒரு பழைய கதை இருக்கிறது, உண்மைக் கதை. 1958-ல் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் சார்லஸ் டெடரிக் என்பவர் 'சினனான்' என்ற அமைப்பைத் தொடங்கினார். அவர் குடியை விட்டவர். போதைக்கு அடிமையானவர்கள் ஒரே வீட்டில் சேர்ந்து வாழ்ந்து ஒருவரை ஒருவர் திருத்தலாம் என்ற எண்ணம் அங்கிருந்துதான் பரவியது. அந்தக் காலத்தில் போதைக்கு அடிமையானவர் தேறவே மாட்டார் என்று டாக்டர்களே கைவிட்டிருந்தார்கள். அதனால் சினனானைப் பார்க்க ஊரே திரண்டது.

அங்கே வட்டமாக உட்கார்ந்து ஒருவரை நடுவில் வைத்துத் திட்டுகிற கூட்டம் ஒன்று உண்டு. அதற்கு 'விளையாட்டு' என்று பெயர். எதை வேண்டுமானாலும் சொல்லலாம், எப்படி வேண்டுமானாலும் கத்தலாம். சொன்னபடி நடக்காதவருக்கு மொட்டை அடிப்பார்கள். ஆமாம், நம்ம அக்காவின் கணவருக்கு நடந்த அதே மொட்டைதான். அந்தப் பழக்கம் எந்தெந்த ஊர் வழியாக நம்ம பக்கம் வந்ததோ, இல்லை நம்ம ஊரிலேயே தனியாக முளைத்ததோ. மொட்டை அடிப்பது அவமானம் என்று தெரிந்துகொள்ள அமெரிக்காவுக்குப் போகத் தேவையில்லை.

டெடரிக்கைக் கேள்வி கேட்க மேலே ஆள் இல்லை. வெளியிலிருந்து ஒரு டாக்டரோ கண்காணிப்பாளரோ தட்டிக் கேட்க முடியவில்லை. வருடங்கள் போகப் போக அந்த இடம் அடிதடியில் இறங்கியது. 1978-ல் அவர்களுக்கு எதிராக வழக்கு நடத்திய வக்கீல் பால் மொரான்ட்ஸின் வீட்டுத் தபால் பெட்டிக்குள் விஷப் பாம்பை வைத்தார்கள். பாம்பு கடித்தும் அவர் பிழைத்துக்கொண்டார். அந்த வழக்கில் போலீஸ் டெடரிக்கைக் கைது செய்யப் போனபோது அவர் நிதானமில்லாத குடிபோதையில் இருந்தார். அத்தனை பேருக்குக் குடியை விடச் சொல்லிக் கொடுத்தவர்! 1991-ல் சினனான் கலைந்துபோனது.

ஆனால் சேர்ந்து வாழ்ந்து திருந்துவது என்ற எண்ணம் அதோடு போகவில்லை. 1963-ல் நியூயார்க்கில் தொடங்கிய டேடாப், 1967-ல் தொடங்கிய பீனிக்ஸ் ஹவுஸ் போன்ற அமைப்புகள் அதை எடுத்துக்கொண்டன. தொடக்கத்தில் அங்கேயும் மொட்டையும் திட்டும் இருந்தன. பிறகுதான் டாக்டர், நர்ஸ், மனநல ஆலோசகர் எல்லாரும் உள்ளே வந்தார்கள், அவமானப்படுத்துகிற தண்டனைகள் குறைந்தன, ஊழியர்களுக்குப் பயிற்சி என்று ஒன்று உருவானது. ஜார்ஜ் டி லியோன் என்ற மனநல ஆராய்ச்சியாளர் இந்த மையங்களைப் பல வருடம் கவனித்து 2000-ல் ஒரு புத்தகமே எழுதினார். 2006-ல் அமெரிக்க அரசு இந்த ஊழியர்களுக்கென்று தனியாகப் பயிற்சிக் கையேடு வெளியிட்டது. ஆசியாவில் கொழும்பைத் தலைமையிடமாகக் கொண்ட கொழும்புத் திட்டம் 1973 முதல் போதைப் பொருள் தடுப்புக்கென்று ஒரு பிரிவை நடத்தி, பல நாட்டு மைய ஊழியர்களுக்குப் பயிற்சி தந்திருக்கிறது. நம்ம சென்னையில், கணவரைக் குடிநோய்க்குப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன் 1980-ல் தொடங்கிய டி.டி. ரங்கநாதன் அறக்கட்டளை, டி.டி.கே. மருத்துவமனை என்று எல்லாரும் சொல்வார்களே, அது சிகிச்சையோடு மற்ற மையங்களின் ஊழியர்களுக்குப் பயிற்சி தரும் வேலையையும் செய்தது.

காரணம் சொல்கிற அதிகாரம்

டி லியோன் சொல்வதில் எங்களுக்கு மிகவும் பிடித்தது ஒன்று. சிகிச்சைச் சமுதாயத்தில் ஊழியருக்கு அதிகாரம் உண்டு, ஆனால் அது காரணம் சொல்கிற அதிகாரமாக இருக்க வேண்டும் என்கிறார். "இன்னைக்கு நீங்க வெளியே போகக் கூடாது" என்று சொல்லலாம். ஏன் என்பதையும் அவரிடம் சொல்ல வேண்டும். "நான் சொல்றேன், செய்" என்றால் அது போலீஸ் ஸ்டேஷன். குடிநோயாளிகள் பலர் சின்ன வயதிலிருந்தே அப்பாவிடம், வாத்தியாரிடம், முதலாளியிடம் அந்த மாதிரி அதிகாரத்தைத்தான் பார்த்து வளர்ந்தவர்கள். அதற்குப் பயந்து பணிவார்கள், முதுகுக்குப் பின்னால் மீறுவார்கள். அதே அதிகாரத்தை மையத்திலும் காட்டினால் மதில் சுவர் இருக்கிற வரைக்கும்தான் குடிக்காமல் இருப்பார்கள்.

இதை வகுப்பில் உட்கார்ந்து நோட்டில் எழுதிக்கொண்டால் வராது. அதனால்தான் இந்தப் பயிற்சியில் ஊழியராகப் போகிறவரையே சில நாள் உள்ளே தங்குகிறவரைப் போல வாழ வைக்கிறார்கள். எங்களில் இரண்டு பேர் அப்படி ஐந்து நாள் பயிற்சிக்குப் போய் வந்தோம். சமூகப் பணியில் முதுகலை படித்தவர்கள், பத்து வருட கள அனுபவம் வேறு. வாசலிலேயே செல்போனை வாங்கி வைத்துவிட்டார்கள். அங்கே எங்களுக்கு மேற்பார்வையாளர் யார் தெரியுமா? ஏழு மாதமாகக் குடிக்காமல் இருக்கிற ஒரு லாரி டிரைவர் அண்ணன். கழிப்பறை கழுவுகிற வேலை கொடுத்தார். கழுவி முடித்ததும் வந்து பார்த்து, "மூலையில விட்டுட்டீங்க, இன்னொரு தடவை" என்றார். இன்னொரு தடவை கழுவினோம். உள்ளுக்குள் எங்களுக்கு ஏறிய கோபம் இருக்கிறதே!

இரண்டாம் நாள், டீ குடித்த டம்ளரைக் கழுவாமல் வைத்துவிட்டோம். ஒருவர் எழுந்து எல்லார் முன்னாலும் அதைச் சொன்னார். அங்கே விதி என்ன என்றால், சொல்கிறவர் நடந்ததை மட்டும் சொல்ல வேண்டும். கேட்கிறவர் எதிர்த்துப் பேசாமல் 'நன்றி' என்று மட்டும் சொல்ல வேண்டும். ஒரு டம்ளருக்காகவா என்று தோன்றியது. 'நன்றி' என்ற வார்த்தை தொண்டையில் மாட்டிக்கொண்டது. அன்று ராத்திரி படுத்தபோதுதான் உறைத்தது: ஐந்தே நாளில் வீட்டுக்குப் போகப் போகிறோம் என்று தெரிந்த நமக்கே இப்படி இருக்கிறதே, கை நடுங்கிக்கொண்டு, ஊரில் மரியாதை போய், மனைவி கையெழுத்துப் போட்டுவிட்டுப் போன பிறகு தனியாக நிற்கிற ஆளுக்கு எப்படி இருக்கும்?

கோபத்தை என்ன செய்வது என்பதற்கும் அங்கே வழி வைத்திருந்தார்கள். சுவரில் ஒரு பெட்டி. யார் மேல் கோபமோ அவர் பெயரை ஒரு சீட்டில் எழுதிப் போட வேண்டும். அந்த இடத்திலேயே பாய்ந்து பேசக் கூடாது. சாயங்காலம் குழு கூடும்போது அந்தச் சீட்டுகளை எடுத்து, பெயர் உள்ளவர்களை எதிரெதிராக உட்கார வைத்துப் பேச விடுவார்கள். குரல் உயரலாம், அழலாம். ஆனால் கை ஓங்கக் கூடாது, சாதியை இழுக்கக் கூடாது, அம்மா மனைவியைப் பேசக் கூடாது, செய்த காரியத்தைப் பற்றி மட்டும் பேச வேண்டும். பேசி முடிந்ததும் அப்படியே எழுந்து போய்விடக் கூடாது. பேச்சு வாங்கியவர் பக்கத்தில் யாராவது உட்கார்ந்து ஆறுதல் சொல்ல வேண்டும்.

பயிற்சியில் அதிக நேரம் எடுத்தது இந்தக் குழுவை நடத்துவதுதான். எந்தச் சீட்டை முதலில் எடுப்பது, யார் பக்கத்தில் யாரை உட்கார வைப்பது, பத்துப் பேரும் ஒருவர் மேலேயே விழும்போது எந்த இடத்தில் நிறுத்துவது என்று திரும்பத் திரும்ப நடித்துப் பார்க்க வைத்தார்கள். நாங்கள் நிறுத்த வேண்டிய இடத்தை முதல் இரண்டு தடவையும் தவறவிட்டோம். சினனானில் நடந்ததும் இதே மாதிரிக் கூட்டம்தான். அங்கே நிறுத்துவதற்கு ஆள் இல்லை.

முதல் நாலு நாள்

அடுத்தது உயிர் விஷயம். தினமும் நிறையக் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நாலாம் நாளுக்குள் சிலருக்குப் புத்தி தடுமாறி, இல்லாத பூச்சியும் பாம்பும் கண்ணுக்குத் தெரிந்து, காய்ச்சலும் வியர்வையுமாக உடம்பு உதறும். கவனிக்காவிட்டால் உயிரே போய்விடும். "நாடகமாடுறான், ரூமுல போட்டுப் பூட்டு" என்று சொல்கிற ஊழியர் ஒருவர் இருந்தால் போதும், ஒரு குடும்பம் அழிந்துவிடும். அந்த நாட்கள் டாக்டர் பார்வையில், வேண்டிய மருந்தோடு கழிய வேண்டும். சமுதாயமாக வாழ்வதெல்லாம் அதற்கு அப்புறம்தான். எது தன் வேலை, எப்போது ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும் என்பதை இரவுக் காவலாளி வரைக்கும் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

இதோடு இன்னொன்றையும் சொல்லிவிடுகிறோம். குழம்பில், காபியில் தெரியாமல் கலந்து கொடுக்கிற மாத்திரையை நம்மில் சிலர் வாங்குகிறார்கள். டைசல்ஃபிராம் என்ற மருந்து உடம்பில் இருக்கும்போது குடித்தால் முகம் சிவந்து, வாந்தி எடுத்து, இரத்த அழுத்தம் விழும், சில சமயம் உயிருக்கே ஆபத்து. குடிப்பவருக்குத் தெரிந்து, அவர் சம்மதத்தோடு, டாக்டர் கொடுத்தால்தான் அது மருந்து.

யாரை வேலைக்கு வைப்பது

குடியை விட்டவரை மையத்தில் வேலைக்கு வைக்கக் கூடாது என்று நாங்கள் சொல்லவில்லை. சொல்லப்போனால் அவர்கள் இல்லாத மையம் உப்பில்லாத சோறு. "நானும் இப்படித்தான் இருந்தேன்" என்று அவர் சொன்னால் நோயாளி நிமிர்ந்து பார்க்கிறார். எங்களை மாதிரிப் படித்துவிட்டு வந்தவர்கள் சொன்னால் கொட்டாவி விடுகிறார். எங்களை ஏமாற்றுவதும் சுலபம். "அம்மாவுக்கு ஆபரேஷன் மேடம், ஒரே ஒரு நாள் போய்ட்டு வந்துடறேன்" என்றால் நாங்கள் கண் கலங்கிவிடுவோம். அந்த டிரைவர் அண்ணன் சிரிப்பார், அந்தக் கதையை அவரே நாலு தடவை சொல்லியிருக்கிறார்.

ஆனால் அவர்களுக்கும் ஒரு குறை உண்டு. தான் எந்த வழியில் மீண்டாரோ அது ஒன்றுதான் வழி என்று நினைத்துவிடுவார்கள். இன்னொன்று, அடுத்தவர் கதையைத் தினமும் கேட்கக் கேட்கத் தன் பழைய ஆசையும் கிளறும். அதனால் சிகிச்சை முடிந்த கையோடு சாவியைக் கொடுக்கக் கூடாது. வெளியே போய் வேலை, வீடு, சம்பளம், கல்யாணம் கருமாதி எல்லாவற்றையும் குடிக்காமல் சமாளித்துக் கொஞ்ச காலம் இருந்துவிட்டு வர வேண்டும். வந்த பிறகும் வாரம் ஒரு தடவையாவது மூத்தவர் ஒருவரிடம் உட்கார்ந்து மனம் விட்டுப் பேச வேண்டும். படித்தவரையும் மீண்டவரையும் ஜோடியாக வேலை செய்ய விடுவதுதான் எங்களுக்குச் சரி என்று படுகிறது.

பயிற்சி டாக்டருக்கும் ஆலோசகருக்கும் மட்டும் இல்லை. நம்ம உறுப்பினர்களில் சிலர் இப்படிப்பட்ட மையங்களில் சமையலுக்கும் துப்புரவுக்கும் போகிறார்கள். அவர்களுக்கும் வேண்டும். ஏன் என்றால், பரிதாபப்பட்டு ஒரு பையனுக்குத் தனியாக ஒரு துண்டு மீன் வைப்பதும், ஐம்பது ரூபாய்க்கு வெளியிலிருந்து பீடி வாங்கி வருவதும், அவன் கொடுத்த சீட்டை யாருக்கும் தெரியாமல் கொண்டுபோய்ச் சேர்ப்பதும் அந்த வீட்டின் நியாயத்தையே உடைத்துவிடும். ஒருவருக்கு ஒரு நியாயம் என்று தெரிந்துவிட்டால் மற்றவர்கள் குழுவை நம்ப மாட்டார்கள். கடன் வாங்குவது, கடன் கொடுப்பது, சொந்த வேலைக்கு ஆளை அனுப்புவது, உள்ளே கேட்டதை ஊரில் சொல்வது, எதுவும் கூடாது. சமையல்கார அம்மாவுக்கு இதை யாரும் சொல்லித் தருவதில்லை. தவறு நடந்தால் மட்டும் அவரைத்தான் முதலில் நிறுத்துகிறார்கள்.

சட்டம் என்ன சொல்கிறது

2001 ஆகஸ்ட் 6-ஆம் தேதி ஏர்வாடியில் ஒரு மனநல விடுதி தீப்பிடித்ததை நம்மில் பலர் மறந்திருக்க மாட்டோம். சங்கிலியில் கட்டப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் எரிந்தவர்களையும் சேர்த்து 28 பேர் இறந்தார்கள். நாடாளுமன்றம் நிறைவேற்றிய 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்தது. குடி, போதைக்குச் சிகிச்சை தருகிற மையமும் இந்தச் சட்டத்துக்குள் வரும். மையத்தை மாநில மனநல ஆணையத்தில் பதிவு செய்ய வேண்டும். சங்கிலியில் கட்டுவது எந்த விதத்திலும் கூடாது. கட்டாயப்படுத்தி மொட்டை அடிக்கக் கூடாது. அடிப்பதும் கேவலமாகப் பேசுவதும் கூடாது. தண்டனையாகத் தனி அறையில் அடைக்கக் கூடாது. கட்டாயப்படுத்தி வேலை வாங்கக் கூடாது, வேலை செய்தால் தகுந்த கூலி தர வேண்டும்.

கடைசியாகச் சொன்னதில் ஒரு சிக்கல் இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். சிகிச்சைச் சமுதாயத்தில் வேலையும் ஒரு மருந்து என்று மேலே சொன்னோம். தான் தங்கும் இடத்தை எல்லாரோடும் சேர்ந்து சுத்தம் செய்வது வேறு, மைய உரிமையாளரின் வீட்டுக்குச் செங்கல் சுமப்பது வேறு. இந்தக் கோடு எங்கே இருக்கிறது என்பதை ஊழியருக்குச் சொல்லித் தருவதும் பயிற்சியில் சேர்ந்ததுதான்.

மையம் தேடும்போது

2019-ல் மத்திய அரசு எய்ம்ஸ் மருத்துவமனை மூலம் எடுத்து வெளியிட்ட கணக்கெடுப்பின்படி, குடியால் பாதிக்கப்பட்டு உதவி தேவைப்படும் நிலையில் இருந்தவர்கள் நாட்டில் சுமார் 5.7 கோடிப் பேர். இவ்வளவு பேருக்குப் போதுமான பயிற்சி பெற்ற ஊழியர்கள் இல்லை. அதனால் போர்டு மாட்டினவர் எல்லாம் மையம் நடத்துகிறார். பணம் கட்டுவதற்கு முன்னால் நேரில் போய்ப் பாருங்கள். பதிவுச் சான்று எங்கே, டாக்டர் என்றைக்கு வருவார், ராத்திரி வலிப்பு வந்தால் எந்த ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவீர்கள், தப்பு செய்தால் என்ன தண்டனை, நாங்கள் எப்போது வந்து பார்க்கலாம் என்று கேளுங்கள். முக்கியமாக, ராத்திரி கூட இருக்கிற ஊழியரைக் கூப்பிடச் சொல்லி, "உங்களுக்கு இந்த வேலைய யாருங்க சொல்லிக் குடுத்தாங்க?" என்று கேளுங்கள். "உள்ளே விட மாட்டோம், பணம் கட்டிட்டுப் போங்க" என்று சொன்னால் வந்த பஸ்ஸிலேயே திரும்பிவிடலாம்.

ஒரு மாதத்தில் சரியாகிவிடும் என்று எதிர்பார்க்க வேண்டாம். தங்கிச் சிகிச்சை பெறுவது மூன்று மாதத்துக்குக் குறைந்தால் பலன் குறைவு என்றுதான் அமெரிக்க ஆய்வுகள் சொல்கின்றன. நம்ம பக்கத்தில் ஒரு மாதம், ஒன்றரை மாதம் என்றுதான் வைத்திருக்கிறார்கள். மிச்சத்தை வீட்டிலும் ஊரிலும்தான் பார்க்க வேண்டும். மருத்துவக் கல்லூரி அரசு மருத்துவமனைகளின் மனநலப் பிரிவில் இலவசமாகவே பார்க்கிறார்கள், முதலில் அங்கே போவது நல்லது. போதை மீட்பு ஆலோசனைக்கு 14446, மனநல ஆலோசனைக்கு 14416, இரண்டும் கட்டணம் இல்லாத எண்கள். குழு நோட்டில் எழுதி வையுங்கள்.

மேலே சொன்ன அக்காவின் குழுவில் இப்போது ஒரு தீர்மானம் போட்டிருக்கிறார்கள். இந்தச் செலவுக்கு யாராவது உள்கடன் கேட்டால், ஊக்குநரும் இன்னொரு உறுப்பினரும் மையத்தைப் பார்த்துவிட்டு வந்து சொன்ன பிறகுதான் பணம். போன மாதம் இன்னொருவர் தன் மகனுக்காகக் கேட்டபோது, பார்க்கப் போன இரண்டு பேரில் அந்த அக்காவும் ஒருவர். முதல் மையத்தில் கேள்வி கேட்டதும் அலுவலகத்தில் இருந்தவர், "நீங்க என்ன கலெக்டரா?" என்றாராம். இரண்டாவது மையம் இரண்டு பஸ் மாறிப் போகிற தூரம். அங்கே ராத்திரி டியூட்டி பார்க்கிறவர் நாலு வருடத்துக்கு முன்னால் குடியை விட்டவர். பயிற்சிக்குப் போன சான்றிதழைப் பெட்டியிலிருந்து எடுத்து வந்து காட்டிவிட்டு, "இதக் கேட்ட முதல் ஆளுங்க நீங்கதாம்மா" என்றாராம். பையனை அங்கேதான் சேர்த்திருக்கிறார்கள். அக்காவின் கணவர் இன்னும் குடிக்கிறார். அந்த மையத்தின் போன் நம்பரை அவருக்குத் தெரிகிற மாதிரி காலண்டரில் எழுதி வைத்திருப்பதாக அக்கா சொன்னார்.